உள்ளூர் உணவுக்காக வாதாடுவது எப்படி: கொள்முதல் ஒப்பந்தத்தில் தொடங்குங்கள்

நல்ல உணவைப் பற்றிப் பேசும் நாம் பெரும்பாலும் வீட்டுச் சமையலறையை நோக்கியே பேசுகிறோம். எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட, நாள்தோறும் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் ஒரு பள்ளி, மருத்துவமனை அல்லது விடுதியின் கொள்முதல் முறையை மாற்ற முயல்வதே கூடுதல் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே ஒரு ஒப்பந்தம் மாறினால் பல சிறு விவசாயிகளுக்கு ஓராண்டுக்கான விற்பனை உறுதியாகிறது. தம் உணவைத் தாமே தேர்ந்தெடுக்க இயலாத குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் அதன் பலன் நேராகப் போய்ச் சேர்கிறது.

முயற்சியில் இறங்குவதற்கு முன், நாம் கேட்பது என்ன என்பதில் நமக்கே தெளிவு வேண்டும். பக்கத்தில் விளைந்தது என்பதாலேயே ஓர் உணவு சத்தானதாகவோ, மண்ணைக் கெடுக்காததாகவோ, நியாயமான கூலி கொடுத்து விளைவிக்கப்பட்டதாகவோ ஆகிவிடாது. பெரும்பாலான உணவுகள் வெளியேற்றும் பசுங்குடில் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சிறியது. வயலிலும் தொழுவத்திலும் உண்டாகும் பங்கே பெரியது. விமானத்தில் வரும் பொருள்கள் இதற்கு விலக்கு. செயற்கை வெப்பமூட்டிய கூடாரத்தில் பருவம் தப்பி விளைந்த உள்ளூர்க் காய், தொலைவில் இயற்கை வெயிலில் விளைந்து சாலை வழியே வந்த காயைவிட அதிக எரிபொருளை விழுங்கியிருக்கக்கூடும். ஆகவே ‘உள்ளூர்’ என்ற ஒரு சொல்லை மட்டும் முழக்கமாக்காமல், யார் விளைவித்தார், எப்படி விளைவித்தார், வேலை செய்தவருக்கு என்ன கிடைத்தது, தட்டில் என்ன சத்து வந்து சேர்கிறது என்ற நான்கையும் தனித்தனியே கேளுங்கள். எதிர்த்தரப்பினர் முதலில் தாக்குவது இந்த இடத்தைத்தான் என்பதால், நாமே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து, ஒரே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே முடிவெடுப்பவர் யார் என்று கண்டறியுங்கள். பெரும்பாலும் அது தலைமையாசிரியரோ மருத்துவரோ அல்ல. கொள்முதல் அலுவலர், கணக்குப் பிரிவு, சமையல் ஒப்பந்ததாரர் ஆகியோரே. நடப்பு ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எந்தப் பொருள் எவ்வளவு வாங்கப்படுகிறது, விலைப்புள்ளிகள் எந்த அளவுகோலால் மதிப்பிடப்படுகின்றன என்பவற்றைப் பெறுங்கள். அரசு நிறுவனமானால், தகவல் கோரும் சட்டம் நடைமுறையில் உள்ள நாடுகளில் எழுத்து மூலமாகவே கேட்கலாம். பிறகு சமையற்கூடத்துக்குச் செல்லுங்கள். கழுவி நறுக்கிய காயை வாங்கிப் பழகிய கூடத்துக்கு மண்ணோடு மூட்டைகள் வந்து இறங்கினால், அவற்றைச் சுத்தம் செய்ய ஆளும் இடமும் தேவைப்படும். சமையற்காரர்களிடம் கேட்காமல் வகுத்த திட்டங்கள் இந்த வாசற்படியிலேயே நின்றுபோகின்றன.

விவசாயிகளிடமும் இதே பொறுமை வேண்டும். எந்த மாதத்தில் எவ்வளவு தர முடியும், யார் கொண்டுவந்து சேர்ப்பார், ஒருவரின் விளைச்சல் பொய்த்தால் ஈடுசெய்வது யார் என்பவற்றை அவர்களே கூடிப் பேசி ஒரு பருவ அட்டவணையாக எழுதட்டும். பெரிய நிறுவனங்கள் பணம் கொடுக்கப் பல வாரங்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். கையிருப்பு இல்லாத சிறு விவசாயி அத்தனை நாள் காத்திருக்க முடியாமல் மறுபடியும் இடைத்தரகரிடமே போய்விடுவார். விலையைக் காட்டிலும் பணம் வந்து சேரும் நாளே பல இடங்களில் உண்மையான சிக்கல் என்பதால், உங்கள் கோரிக்கைக் கடிதத்தில் பணம் வழங்கும் காலக்கெடுவுக்கு முதலிடம் கொடுங்கள்.

கோரிக்கையை எழுதும்போது சட்டத்தின் எல்லைகளை அறிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் கொள்முதல் விதிகளின்படி ஒரு பொது நிறுவனம் ‘இந்த வட்டாரத்தில் விளைந்ததையே வாங்குவோம்’ என்று ஒப்பந்தப்புள்ளியில் நிபந்தனை விதிக்க இயலாது. ஆனால் அறுவடைக்கும் ஒப்படைப்புக்கும் இடைப்பட்ட நேரம், பருவத்துக்கு ஏற்ற உணவுப் பட்டியல், இயற்கை வேளாண் சான்று ஆகியவற்றைக் கேட்கலாம். எல்லாவற்றையும் ஒரே பெரிய ஒப்பந்தமாக விடாமல், சிறு விவசாயிகளும் போட்டியிடும் வகையில் சிறு பகுதிகளாகப் பிரிக்கவும் செய்யலாம். பிரேசிலில் சட்டமே வேறு வழியைத் திறந்தது. பள்ளி உணவுக்காக நடுவண் அரசு தரும் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப விவசாயிகளிடம் செலவிட வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் சட்டம் விதித்ததோடு, வழக்கமான ஏலமுறை இல்லாமல் பொது அழைப்பின் வழியாக அவர்களிடம் வாங்கவும் அனுமதித்தது. உங்கள் நாட்டின் விதி எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்ட பின்னரே வாசகங்களை எழுதுங்கள். சட்டத்துக்கு ஒவ்வாத ஒரே வரியைக் காட்டி முழு மனுவையும் ஒதுக்கிவிட முடியும்.

‘செலவு கூடும்’ என்ற மறுப்பு கட்டாயம் வரும். அதைப் புறந்தள்ளாமல் கணக்கோடு பதில் சொல்லுங்கள். கோபன்ஹேகன் நகராட்சி தன் பொதுச் சமையற்கூடங்களில் 90 விழுக்காடு இயற்கை வேளாண் பொருள்களைப் பயன்படுத்தும் இலக்கை 2015ஆம் ஆண்டுக்கு நிர்ணயித்து, அதை ஏறத்தாழ எட்டியது. சமையற்காரர்களுக்குப் பயிற்சி அளித்தல், இறைச்சியின் அளவைக் குறைத்தல், பருவக் காய்களைக் கூட்டுதல், வீணாவதைத் தடுத்தல் ஆகியவையே அங்கே கைகொடுத்தன. அந்த இலக்கு உள்ளூர் உணவுக்கானதன்று. எனினும் செலவை அடக்கும் வழி எல்லா இடத்துக்கும் பொருந்தும். பயிற்சிக்குத் தனியே பணம் ஒதுக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காதீர்கள்.

கூலியைப் பற்றிய பகுதிதான் பேச்சுவார்த்தைகளில் முதலில் கைவிடப்படுகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். குனிந்து அறுவடை செய்பவர், சுமை தூக்குபவர், பாத்திரம் கழுவுபவர் ஆகியோரின் ஊதியத்தைச் சேர்க்காத எந்தத் திட்டத்தையும் நியாயமான உணவுத் திட்டம் என்று நான் ஏற்கமாட்டேன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரமும், அங்குள்ள அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டமும் 2012இல் ஏற்ற கொள்முதல் கொள்கை இங்கே நல்ல முன்மாதிரி. உள்ளூர்ப் பொருளாதாரம், சுற்றுச்சூழல், விலங்கு நலன், ஊட்டச்சத்து ஆகியவற்றோடு தொழிலாளர் நலனையும் அது சம மதிப்புள்ள அளவுகோலாக வைத்தது. தொழிலாளர் சங்கத்தை முதல் கூட்டத்திலிருந்தே உடன் வைத்துக்கொண்டால் இந்தப் பகுதியை யாரும் எளிதில் நீக்கிவிட முடியாது.

அலுவலரைச் சந்திக்கச் செல்லும்போது ஒரு விவசாயி, ஒரு சமையற்காரர், அந்த உணவை உண்பவரோ அவருடைய பெற்றோரோ ஒருவர் என மூவர் போதும். ஒரு பக்கக் கடிதத்தில் ஒரே ஒரு கோரிக்கையை, ஒரு பொருளுக்கு, ஒரு பருவத்துக்கு மட்டும் வையுங்கள். இதுவரை வாங்கியவரைக் குற்றம் சாட்டத் தேவையில்லை. அந்த ஒரு பருவத்தைச் சோதனைக் காலமாகக் கொண்டு, அப்போது கொடுத்த விலை, பணம் சேர்ந்த நாள், தட்டில் மீந்த அளவு ஆகிய மூன்றையும் வாரந்தோறும் குறித்து வாருங்கள்.

ஆதரவு தந்த அலுவலர் மாற்றலாகிப் போனால் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. டொராண்டோவில் 1991இல் உருவான உணவுக் கொள்கைக் குழு, நகரின் சுகாதார வாரியத்தின் கீழ் அமைக்கப்பட்டதால் தனி மனிதர்களின் தயவை நம்பியிருக்க நேரவில்லை. அதுபோல, சோதனையின் முடிவுகளைத் தீர்மானமாக நிறைவேற்றி, ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடும் கடமையையும் அதில் எழுதச் செய்யுங்கள். அந்தத் தீர்மானம் நடப்பு ஒப்பந்தம் முடிவதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பாவது கையில் இருந்தால்தான், அடுத்த ஒப்பந்தப்புள்ளியின் வாசகங்களில் அதைச் சேர்க்க நேரம் கிடைக்கும்.