பெங்களூரு வீட்டில் மழைநீரை மண்ணுக்குள் இறக்குவது எப்படி

மழை வலுக்கும்போது குடையோடு வெளியே வந்து, மொட்டைமாடிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பெங்களூரில் பல வீடுகளில் அது நேராகக் கழிவுநீர் சேம்பருக்குள் இறங்குகிறது. மழை நாளில் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு சாக்கடை பொங்குவதற்கும், பள்ளத்து வீடுகளுக்குள் அது புகுவதற்கும் இந்த இணைப்பு ஒரு காரணம். முதலில் அதைத் துண்டியுங்கள்.

இந்த ஊருக்குப் பெரிய ஆறு கிடையாது. காவிரித் தண்ணீரைச் சுமார் 100 கி.மீ. தள்ளியிருந்து மேடேற்றிக் கொண்டுவருகிறார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்ததில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கென ஒதுக்கப்பட்டது. அல்சூர், ராமமூர்த்தி நகர் போன்ற பெங்களூர்ப் பகுதிகளில் வாழும் தமிழர்களான நம் வீடுகளும் அந்தத் தண்ணீரைத்தான் நம்பியிருக்கின்றன. சுற்றிலும் சிமெண்ட் போட்டு மண்ணின் வாயை அடைத்ததும் நாம்தான், போர்வெல் போட்டு உறிஞ்சுவதும் நாம்தான். திரும்ப இறக்க வேண்டியதும் நாம்தான்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 30க்கு 40 அடி மனையில் கட்டிய வீட்டின் மாடி 90 சதுர மீட்டர் என்று வையுங்கள். பெங்களூரின் ஆண்டு மழை சராசரியாக 970 மி.மீ. அளவில் இருக்கும். சிதறுவது, ஆவியாவது போக 85 சதவீதம் கிடைத்தாலும் 74,000 லிட்டர் தேறும். அதாவது 6,000 லிட்டர் டேங்கர் லாரியில் பன்னிரண்டு நடை.

இந்தத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்க ஏற்றது உறைகிணறு, அதாவது வளையங்களை அடுக்கிக் கட்டும் கிணறு. கீழடி அகழாய்விலேயே உறைகிணறு கிடைத்திருக்கிறது. நமக்கு இது புது வித்தை இல்லை. 3 அடி விட்டம், 20 அடி ஆழம் போதும். ஒரே சமயத்தில் ஏறக்குறைய 4,000 லிட்டர் பிடிக்கும். ஒரு மாலையில் 50 மி.மீ. கொட்டினால் உங்கள் மாடியிலிருந்து வருவதும் அவ்வளவுதான். ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் தோண்டிவிடுங்கள். ஏப்ரல், மே கோடை மழைக்குத் தயாராக இருக்கும். கழிவுநீர்க் குழாய், செப்டிக் டேங்க் பக்கம் வேண்டவே வேண்டாம். அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 5 அடி தள்ளியிருக்கட்டும். இந்த ஊரில் பரம்பரையாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் சமூகத்தினர் இருக்கிறார்கள். மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்; அவர்களைக் கூப்பிடுவதே நல்லது.

குழி 4 அடி அகலம் இருக்கட்டும். ஒரு அடி உயர சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். இணைப்பில் கலவை பூசக் கூடாது, அடியில் கான்கிரீட் போடக் கூடாது. நல்ல வேலைக்காரர்கூடப் பழக்கதோஷத்தில் பூசிவிடுவார். அப்புறம் அது கிணறு இல்லை, தொட்டி. உறைக்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் 40 மி.மீ. ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். கழுவாத ஜல்லியின் தூசியே மண்ணின் கண்ணை அடைத்துவிடும். தெருத் தண்ணீர் புகாதபடி மேல் உறை தரைக்கு ஒரு அடி மேலே நிற்க வேண்டும். இரும்புக் கிரில் போட்டுப் பூட்டுங்கள். குழந்தைகள் நடமாடும் இடத்தில் ஒரு நாள்கூடத் திறந்து கிடக்கக் கூடாது.

மாடியிலிருந்து 110 மி.மீ. குழாய் இறக்குங்கள். மாடி வாயில் கம்பி வலை, குழாயின் அடியில் ஒரு வால்வு. வெயில் நாளில் வால்வு திறந்தே இருக்கட்டும். மழை பிடித்த முதல் பத்து, பதினைந்து நிமிடம் வருவது புறா எச்சமும் தூசியும் கலந்த தேநீர் நிறத் தண்ணீர். முதல் 2 மி.மீ.க்கு 180 லிட்டர் ஆகும். அதை நீல டிரம்மில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம். தெளிந்ததும் வால்வை மூடுங்கள்; தண்ணீர் கிணற்றுப் பக்கம் திரும்பும். கிணற்றுக்கு முன்னால் இரண்டடிக்கு இரண்டடியில் ஒரு வண்டல் தொட்டி கட்டி, வெளியேறும் குழாயை அடியிலிருந்து ஒரு அடி உயரத்தில் வையுங்கள். மண் அடியில் தங்கும், தண்ணீர் மட்டும் போகும்.

மணல் வடிகட்டி, சம்புக்கு (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்கு) போகும் தண்ணீருக்கு நல்லது. கிணற்றுக்கு வேண்டாம்: பலத்த மழையில் வினாடிக்கு ஒன்றரை லிட்டர் வரும்போது ஒரு டிரம் மணலால் அதை உள்வாங்க முடியாது, மேலே வழிந்துவிடும். ஜல்லியும் நைலான் வலையும் போதும். கிணறு நிரம்பினால் வழிய ஒரு குழாயை மழைநீர் வடிகாலுக்கு விடுங்கள், கழிவுநீர் சேம்பருக்கு அல்ல.

கூரைத் தண்ணீரை நேராகப் போர்வெல்லுக்குள் விடும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். மண் வடிகட்டாத அழுக்கு, அக்கம்பக்கம் எல்லாரும் குடிக்கும் ஊற்றில் கலந்துவிடும். மாடியில் ஆசிட் ஊற்றிக் கழுவினாலோ, புது வாட்டர்ப்ரூஃப் பூசினாலோ, அடுத்த சில மழையை வெளியே விட்டுவிடுங்கள். தோண்டும்போது எட்டடியிலேயே பாறை வந்தால் இடத்தை மாற்றுங்கள். பழைய ஏரிப் படுகையில் கட்டிய வீடு என்றால் மழைக்காலத்தில் பத்தடியிலேயே தண்ணீர் நிற்கலாம். அங்கே கிணறு பயன்படாது, சம்பில் சேமிப்பதே வழி.

முதல் நல்ல மழை விட்டதும் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தை அளந்து குறித்து வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி அளவெடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் அப்படியே நின்றால் அடியில் வண்டல் படிந்திருக்கிறது. கோடையில் தூர் வார வேண்டும். இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி அடிவரை விட்டுப் பாருங்கள். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. அணையாவிட்டாலும், இடுப்பில் கயிறும் மேலே இரண்டு பேரும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.