தேர்ந்தெடுத்த வரிகளுக்குள் மட்டும் தேட: என் அனுபவம்

ஒரே ஒரு ஃபங்ஷனுக்குள் ஒரு மாறியின் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து, தேடி மாற்றும் பெட்டியைத் திறக்க கண்ட்ரோல் எச் அழுத்தி, எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். ஃபைல் முழுக்க மாறிவிட்டது! நல்லவேளை, அண்டூ இருந்தது.

வரிகளைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. தேடல் பெட்டியில் கோடு கோடாக இருக்கும் சின்ன ஐகானையும் அழுத்த வேண்டும். விண்டோஸில் ஆல்ட் எல். அழுத்தியதும் அந்த வரிகள் தனி நிறத்தில் தெரியும், தேடலில் கிடைத்த இடங்களின் எண்ணிக்கையும் குறையும்.

சரி, இதை நான் மறுபடியும் மறப்பேன். அதனால் செட்டிங்ஸில் 'ஆட்டோ ஃபைண்ட் இன் செலக்ஷன்' என்பதை 'மல்டிலைன்' ஆக்கினேன். இப்போது பல வரிகளைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் தேடல் அந்த வரிகளுக்குள் தானாகவே அடங்கிவிடுகிறது. அதே செட்டிங்கில் இருக்கும் 'ஆல்வேஸ்' மட்டும் வேண்டாம். ஒற்றைச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும்.