பழைய டூ ஸ்ட்ரோக் புல்வெட்டும் இயந்திரம் ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

கொழும்பில் இன்று புல் வெட்ட வருபவர்கள் பெரும்பாலும் தோளில் மாட்டும் இயந்திரத்துடனேயே வருகிறார்கள். ஆயினும் நுகேகொடை, இராஜகிரிய, தெஹிவளைப் பக்கத்துப் பழைய வீடுகளின் கராஜ் மூலைகளில், சில்லுப் பூட்டிய டூ ஸ்ட்ரோக் இயந்திரங்கள் இன்னமும் இருக்கின்றன. 1952இல் சிட்னியில் மேர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் ஒரு பழைய பீச் பழ டின்னைப் பெற்றோல் தாங்கியாக வைத்துச் செய்த விக்டா இயந்திரத்தின் வழிவந்தவையும் அவற்றுள் உண்டு. அமைப்பு மிக எளியது என்பதால், வீட்டிலிருப்பவர் பொறுமையுடன் பார்த்தால் பெரும்பாலான கோளாறுகளைத் தாமே கண்டுபிடித்துவிடலாம்.

மாதக்கணக்கில் சும்மா நின்ற இயந்திரத்தை ஒக்டோபர் மழைக்குப் பின் வெளியே எடுத்து, தோள்மூட்டு வலிக்கும்வரை கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஐந்தாறு இழுவைக்குள் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நிறுத்திவிட்டு, பெற்றோல் குழாயை மூடி, இயந்திரம் சூடாக இருந்தால் ஆறவிட்டு, பெற்றோலைப் பற்றவைக்கும் தீப்பொறியைத் தரும் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கின் முனை ஈரமா, உலர்ந்ததா என்ற ஒரே கேள்வி, தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

முனை உலர்ந்திருந்தால் பெற்றோல் சிலிண்டருக்குள் போகவில்லை. இதை உறுதிப்படுத்த, பிளக் துவாரத்துக்குள் அரைத் தேக்கரண்டி எண்ணெய் கலந்த பெற்றோலை விட்டு, சிந்தியதைத் துடைத்து, பிளக்கை மீண்டும் பூட்டி இழுத்துப் பாருங்கள். இரண்டொரு வினாடி ஓடி நின்றால் தீப்பொறியும் அமுக்கமும் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் வலு) ஓரளவு சரியாக இருக்கின்றன. கோளாறு தாங்கிக்கும், பெற்றோலைக் காற்றுடன் கலக்கும் காபரேட்டருக்கும் இடையிலோ காபரேட்டருக்கு உள்ளேயோ இருக்கிறது. தாங்கி மூடியிலுள்ள சிறு காற்றுத் துளை, அடியிலுள்ள வடிகட்டி, வெடித்துப்போன இறப்பர் குழாய் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பாருங்கள். சில நிமிடம் ஓடி நின்றுவிடும் இயந்திரம் மூடியைத் தளர்த்தியதும் தொடர்ந்து ஓடினால், அந்தக் காற்றுத் துளைதான் அடைபட்டிருக்கிறது.

பழைய பெற்றோலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நீண்ட நாள் நின்ற இயந்திரங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். பல மாதம் நின்ற பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, எஞ்சியது வார்னிஷ் போன்ற மணத்துடன் தடித்து, காபரேட்டரின் ஜெட்டிலுள்ள நுண்துளையைப் பசைபோல் அடைத்துவிடுகிறது. நம் ஊரின் ஈரக் காற்றில் பாதி காலியான தாங்கிக்குள் நீரும் சேரும். தாங்கியிலுள்ளதை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால், நீர் அடியில் தனியாகத் தெரியும். அந்தப் பெற்றோலைப் புதியதுடன் கலந்து ஒப்பேற்ற முயல வேண்டாம். காபரேட்டரைக் கழற்றிக் கிளீனர் கொண்டு கழுவி, ஜெட்டைக் கம்பியால் குத்தாமல் காற்றடித்துத் துப்புரவாக்குங்கள். டயப்ரம் என்ற மெல்லிய சவ்வு உள்ள மாதிரியாயின், விறைத்துப்போன டயப்ரத்தை மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

புதிதாக ஊற்றுவதற்கு 92 ஒக்டேன் பெற்றோல் போதும். எண்ணெய் விகிதம் கைநூலில் சொன்னபடியே இருக்க வேண்டும்: 25க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 40 மில்லிலீற்றர், 32க்கு 1 என்றால் ஏறத்தாழ 31 மில்லிலீற்றர். கார் எஞ்சின் எண்ணெயை இதில் கலக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்குக்கென்றே விற்கப்படும் 2டி எண்ணெய்தான் வேண்டும்.

பிளக் ஈரமாக இருந்தால், ஒன்றில் தீப்பொறி இல்லை, அல்லது பெற்றோல் மிகுந்துவிட்டது. காற்றைக் குறைக்கும் சோக்கைத் திறந்துவிட்டு, பிளக் இல்லாமலே பத்துப் பதினைந்து தடவை கயிற்றை இழுத்து, மிகுந்த பெற்றோல் ஆவியாகச் சிறிது நேரம் விடுங்கள். பிறகு பிளக்கைத் துடைத்து, அதன் இடைவெளி கைநூலில் உள்ள அளவில் இருக்கிறதா என்று அளந்து, வயரில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சினின் வெறும் உலோகத்தில் படவைத்துக் கயிற்றை இழுங்கள். பிளக் துவாரத்திலிருந்து தள்ளி, சிந்திய பெற்றோலைத் துடைத்த பின்னரே இதைச் செய்ய வேண்டும். பளிச்சென்ற நீலப் பொறி நல்லது. மங்கிய மஞ்சள் பொறி போதாது. பொறியே இல்லையென்றால் முதலில் வேறொரு பிளக்கைப் போட்டுப் பாருங்கள். அடுத்ததாக, எஞ்சினை நிறுத்தும் வயரைத் தற்காலிகமாகக் கழற்றிப் பாருங்கள். அதன் உறை உரிந்து உலோகத்தில் பட்டிருந்தாலும் பொறி வராது. கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரையான கரையோர வீடுகளில் உப்புக் காற்றினால் வயர் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிப்பது வழக்கம். பாயிண்ட் எனப்படும், பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனைகள் உள்ள பழைய எஞ்சின்களில் அந்த முனைகளையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இவற்றுக்குப் பிறகே, பொறிக்கு மின்சாரம் தரும் கொயிலைச் சந்தேகியுங்கள். தேவைப்பட்டால் பழைய கொயிலைக் கையோடு கொண்டுபோய்ப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

என்னுடைய இயந்திரத்துக்கு ஒருமுறை ஒரு பட்டறையில் புதிய கொயில் போட்டுக் காசும் கொடுத்தேன். ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. வீட்டில் சைலன்சரைக் கழற்றியபோதுதான், குளவி அதற்குள் மண்கூடு கட்டி வழியை முழுவதும் அடைத்திருந்தது தெரிந்தது. புகை வெளியேறாவிட்டால் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் புதிய கலவையை உள்ளே எடுக்காது. கூடு இல்லாவிட்டாலும், எண்ணெய்க் கரி அதே வேலையைச் செய்துவிடும். பிஸ்டன் புகைவாயை மூடும் நிலைக்கு வரும்வரை கயிற்றை மெல்ல இழுத்து நிறுத்தி, கரியை இரும்பால் அல்லாமல் மரக் குச்சியால் சுரண்டி எடுங்கள்.

பெற்றோலும் பொறியும் இருந்தும் கயிறு கையைப் பின்னுக்கு வெட்டி இழுத்தால், வெட்டும் தகடு எப்போதாவது கல்லில் மோதியதா என்று நினைத்துப் பாருங்கள். பிளைவீல் எனும் சுழல்சக்கரத்தைப் பிடித்திருக்கும், சாவி எனப்படும் சிறு உலோகத் துண்டு அறுந்து, பொறி விழும் நேரம் மாறியிருக்கும். தகட்டின் பக்கம் கை வைக்குமுன் பிளக் வயரைக் கட்டாயம் கழற்றி ஒதுக்கிவிடுங்கள். கயிறு எதிர்ப்பே இல்லாமல் வந்தால் அமுக்கம் போய்விட்டது. அமுக்கம் இருந்தும் வேறெதுவும் பிழையில்லையென்றால், கிராங்க் தண்டின் இரு முனைகளிலுமுள்ள எண்ணெய் சீல்கள் காற்றை விடுகின்றன. இவ்விரண்டும் வீட்டில் முடியாதவை. நல்ல மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும்.

வெட்டி முடித்து உள்ளே வைக்கும்போது, குழாயை மூடிவிட்டுக் காபரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிடுங்கள். சைலன்சர் ஆறியதும் அதன் வாயில் ஒரு துணியைச் செருகி, அடுத்தமுறை எடுக்க மறக்காமலிருக்க அதன் நுனியை வெளியே தொங்கவிடுங்கள்.