காக்பிட் டிரெயின்: பழைய பாய்மரப் படகுல யாரும் தொடாத அந்த ரெண்டு வால்வு

பழைய பாய்மரப் படகு வாங்கறவங்க பாயைப் பாப்பாங்க, எஞ்சினைப் பாப்பாங்க, பெயிண்ட்டைத் தடவிப் பாப்பாங்க. காக்பிட்டுல, அதாவது உக்காந்து படகை ஓட்டற பள்ளத்துல, தரை மூலைக்கு ஒண்ணா இருக்கற அந்த ரெண்டு ஓட்டை எங்க போய் முடியுதுன்னு யாரும் குனிஞ்சு பாக்கறதில்ல. அதுல விழற தண்ணி ஹோஸ் வழியா இறங்கி, படகோட தோல்ல இருக்கற ரெண்டு வால்வு வழியா கடலுக்குப் போகும். எனக்கு படகுலயே பயம் ஜாஸ்தி அந்த ரெண்டு வால்வு மேலதான். டாய்லெட் வால்வு, சிங்க் வால்வு, எஞ்சினுக்குத் தண்ணி எடுக்கற வால்வு இதெல்லாம் படகை விட்டு இறங்கும்போது மூடிட்டுப் போவோம், அதனால அதுங்க அப்பப்ப கைபட்டுக்கிட்டே இருக்கும். காக்பிட் டிரெயினை மட்டும் மூட முடியாது, மூடினா மழைத் தண்ணி தேங்கி வாசப்படி தாண்டி கேபினுக்குள்ள இறங்கிடும். அதனால வருஷக்கணக்கா திறந்தே கிடக்கும், யாரும் தொடமாட்டாங்க, தொடாத வால்வு இறுகும், அதோட ஹோஸ் எஞ்சின் பின்னாடி இருட்டுல சூடு பட்டுப் பட்டு வெறைச்சுப் போகும், ஒரு நாள் அது வெடிச்சா ஓடிப்போய் மூடலாம்னு கைப்பிடியைப் புடிச்சா அது அசையாது.

எவ்வளவு தண்ணி வரும்னு ஒரு கணக்கு சொல்றேன். தண்ணி மட்டத்துக்கு அரை மீட்டர் கீழ ஒன்றரை இன்ச் ஓட்டை ஒண்ணு முழுசா திறந்தா நிமிஷத்துக்கு 100 லிட்டருக்கு மேல உள்ள வரும். சின்ன படகுல, அடியில தேங்கற தண்ணியை வெளிய தள்ள வெச்சிருக்கற பில்ஜ் பம்ப் மணிக்கு 500 கேலன்னு அட்டையில போட்டிருக்கும், அது நிமிஷத்துக்கு சுமார் 31 லிட்டர்தான், அதுவும் தண்ணியை மேல தூக்கி வெளிய தள்ளணும்னா இன்னும் குறையும். பம்ப் பாத்துக்கும்னு நம்பாதீங்க, சரியா?

முதல் வேலை, டார்ச்சை எடுத்துக்கிட்டு படகுக்குள்ள தவழ்ந்து போய் எத்தனை ஓட்டை இருக்குன்னு எண்ணுங்க. பழைய படகுல முந்தின ஓனர் ஒருத்தர் போட்டு, அதுக்கு அடுத்தவர் மறந்துபோன ஓட்டை ஒண்ணாவது இருக்கும். ஒரு தாள்ல படகு மாதிரி கிறுக்கி ஒவ்வொண்ணையும் குறிச்சு, கண்ணுல படற இடத்துல ஒட்டிருங்க, ராத்திரி உள்ள தண்ணி வர்றப்போ உங்க கூட வந்தவருக்கும் அது தெரியணும் இல்ல. காக்பிட் ஹோஸ் ரெண்டும் குறுக்கால போட்டிருந்தா, அதாவது இடது ஓட்டையிலிருந்து வலது பக்க வால்வுக்கும் வலதுலேருந்து இடதுக்கும் போனா, தப்பா மாட்டிட்டாங்கன்னு நினைச்சு நேராக்கிடாதீங்க. படகு காத்துல சரிஞ்சு ஓடும்போது தாழ்ந்த பக்கத்து வால்வு நல்லா ஆழத்துக்குப் போகும், அந்தப் பக்கத்து ஹோஸ் நேரா மேல வந்தா கடல் தண்ணி அது வழியா காக்பிட்டுக்குள்ள எட்டிப் பாக்கும், அதுக்காகத்தான் குறுக்கு. எல்லா படகுலயும் அப்படி இருக்காது, காக்பிட் தரை நல்லா உயரமா இருந்தா நேராவே விட்டிருப்பாங்க.

அடுத்து ஹோஸ். கையால அழுத்திப் பாருங்க, கல்லு மாதிரி இருந்தாலும் தப்பு, கொழகொழன்னு அமுங்கினாலும் தப்பு. வளையற இடத்துல வெடிப்பு இருக்கா, ஹோஸை இறுக்கிப் பிடிக்கற கிளாம்ப் கடிச்ச இடத்துல வெட்டு விழுந்திருக்கா, உள்ள இருக்கற கம்பி துருப்பிடிச்சு பழுப்புக் கறை வெளிய தெரியுதான்னு பாருங்க. கண்ணாடி மாதிரி தெரியற பிவிசி குழாயை தண்ணி மட்டத்துக்குக் கீழ யாராவது போட்டிருந்தா பேச்சே வேணாம், கழட்டி எறிஞ்சிட்டு கம்பி வெச்ச கடல் தர ஹோஸ் போடுங்க. பழைய ஹோஸை முறுக்கி இழுத்துக் கழட்டாதீங்க, கீழ இருக்கற வால்வு உங்களை விட வயசானதா இருக்கலாம், அதோட மூக்கு, அதாவது ஹோஸ் மாட்டற முனை, உடைஞ்சு கையோட வந்துரும். கத்தியால நீளவாக்குல கீறி வாழைப்பட்டையை உரிக்கற மாதிரி உரிச்சு எடுங்க. புது ஹோஸ் ஏறலன்னா நுனியை கொதிக்கற தண்ணியில ஒரு நிமிஷம் முக்கினா வழுக்கிக்கிட்டு போகும்.

கிளாம்ப்ல எல்லாரும் ஏமாறுவாங்க. பட்டை ஸ்டெயின்லெஸ்னு அச்சடிச்சிருக்கும், திருகாணி மட்டும் மட்டமான ஸ்டீலா இருக்கும். ஒரு சின்ன காந்தத்தை பாக்கெட்ல போட்டுக்கங்க, திருகாணியில பச்சக்குன்னு ஒட்டினா அது உப்புத் தண்ணிக்கு ஆகாது. 316 ஸ்டெயின்லெஸ்ல காந்தம் அனேகமா ஒட்டாது. மேல பளபளன்னு இருந்தாலும் அடிப்பக்கத்தை விரலால தடவிப் பாருங்க, ஈரம் தேங்கி அங்கதான் முதல்ல அரிக்கும். பட்டையில மரைக்காக ஓட்டை ஓட்டையா வெட்டின ரகத்தை விட, ஓட்டை இல்லாம அழுத்தி வரி போட்ட ரகம் நல்லது, ஓட்டை ரகம் அந்த ஓட்டையிலதான் அறுந்துபோகும். வால்வு மூக்கு நீளமா இருந்தா ரெண்டு கிளாம்ப் போடுங்க, திருகாணி ரெண்டும் எதிர் எதிர் பக்கமா வரட்டும். மூக்கு குட்டையா இருந்தா ஒண்ணே நல்லதா போதும், ரெண்டாவது வெறும் காத்துல ஹோஸை இறுக்கி கடைசியில அதைத்தான் வெட்டும்.

இப்ப உலோகத்துக்கு வருவோம். வெண்கலமும் பித்தளையும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், கடல் தண்ணியில நடந்துக்கற விதம் வேற வேற. படகு வால்வுக்கு வழக்கமா வர்ற வெண்கலம் 85 பங்கு செம்பு, மிச்சத்துல தகரம், ஈயம், துத்தநாகம் ஒவ்வொண்ணும் 5 பங்கு. வீட்டுக் குழாய்க்கு வர்ற சாதா பித்தளையில துத்தநாகமே 40 பங்கு வரைக்கும் இருக்கும். உப்புத் தண்ணி அந்த துத்தநாகத்தை மட்டும் மெல்ல மெல்ல தின்னுட்டு செம்பை பஞ்சு மாதிரி விட்டுட்டுப் போகும், வடிவம் அப்படியே இருக்கும், பலம் இருக்காது. கத்தி முனையால ஒரு இடத்துல சுரண்டுங்க. மஞ்சளா மினுங்கினா அந்த இடத்துல இன்னும் அரிக்கலன்னு அர்த்தம், ரோஜா கலர்ல செம்பு மாதிரி தெரிஞ்சா அது போயிடுச்சு. சின்ன சுத்தியலால லேசா தட்டினா நல்லது மணி மாதிரி ஒலிக்கும், கெட்டது மண்சட்டி மாதிரி மொத்துன்னு கேக்கும். இந்தத் தட்டற சோதனை படகு தரையில இருக்கும்போதுதான், தண்ணியில மிதக்கும்போது பண்ணாதீங்க, ப்ளீஸ். பச்சைக் களிம்பைப் பாத்து பயப்பட வேணாம், அது வெளித்தோல்தான், ஆனா மூட்டு இடுக்குல ஈரமா பச்சை படிஞ்சிருந்தா அங்க கசிவு இருக்கு. மேங்கனீஸ் வெண்கலம்னு ஒண்ணு விப்பாங்க, பேர்லதான் வெண்கலம், சேர்மானத்துல அது துத்தநாகம் நிறைஞ்ச பித்தளையே.

வட்டச் சக்கரம் மாதிரி கைப்பிடி வெச்ச கேட் வால்வு உங்க படகுல இருந்தா ரிப்பேர் யோசிக்காதீங்க, மாத்துங்க. திறந்திருக்கா மூடியிருக்கான்னு பாத்தா தெரியாது, உள்ள ஒரு கொட்டலசு (படகு அடியில ஒட்டி வளர்ற சின்ன ஓட்டு உயிர்) சிக்கினா முழுசா மூடாது ஆனா மூடின மாதிரியே இருக்கும், தண்டு அரிச்சு முறிஞ்சா சக்கரம் மட்டும் சும்மா சுத்தும். நான் வாங்கின படகுல ரெண்டுமே இதுதான், முதல் தடவை திருகினப்ப ஒண்ணோட சக்கரம் கையோட வந்துருச்சு, அன்னைக்கு படகு மேல ஏத்தியிருந்ததால தப்பிச்சேன்.

மிச்சம் மூணு ரகம் இருக்கு. கூம்பு மாதிரி அடைப்பு உள்ள சுத்தற பழைய வெண்கல வால்வு, பந்து வால்வு, கண்ணாடி இழை கலந்த நைலான் வால்வு. மூணுக்கும் பொதுவான மருந்து மாசத்துக்கு ஒரு தடவை மூடித் திறக்கறது. கைப்பிடி ஹோஸ் போற திசையிலேயே இருந்தா திறந்திருக்கு, குறுக்கே நின்னா மூடியிருக்கு. இறுகிப்போச்சுன்னா கைப்பிடியில இரும்புக் குழாயைச் சொருகி நெம்பாதீங்க, நைலான்ல கைப்பிடி முறியும், வெண்கலத்துல படகோட தோலே விரிசல் விடும். ஊடுருவற எண்ணெயை அடிச்சு ஒரு ராத்திரி விடுங்க, மறுநாள் துணியை சுடுதண்ணியில நனைச்சு வால்வு உடம்புல சுத்தி வெச்சு, முன்னயும் பின்னயும் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டுங்க, அவசரப்பட்டா செலவுதான்.

கூம்பு ரகம் எனக்குப் பிடிச்சது, ஏன்னா முழுசா பிரிச்சு மறுபடி புதுசாக்கலாம். படகை மேல ஏத்தினதும் கழட்டுங்க, எந்தக் கூம்பு எந்த உடம்போடதுன்னு குறி போட்டுக்கங்க, மாத்திப் போட்டா பொருந்தாது. மண்ணெண்ணெய்ல பழைய கிரீஸைக் கழுவுங்க. கூம்பு மேல கோடு கோடா கீறல் இருந்தா எஞ்சின் வால்வு தேய்க்கற மெல்லிசு பேஸ்ட்டைத் தடவி, உடம்புல வெச்சு அரைச்சுத்து முன்ன அரைச்சுத்து பின்ன தேய்ங்க, நடுநடுல தூக்கி வேற பக்கம் வெச்சு தேய்ங்க, முழு முகமும் ஒரே மாதிரி மங்கின சாம்பல் நிறமானா நிறுத்துங்க. அதிகமா தேய்ச்சா கூம்பு கீழ இறங்கி ஓட்டை நேருக்கு நேர் வராம போகும். பேஸ்ட் ஒரு துளி கூட மிச்சம் இல்லாம கழுவிட்டு, தண்ணிக்குக் கரையாத கெட்டி கிரீஸ் தாராளமா பூசி மாட்டுங்க. கையால கொஞ்சம் கஷ்டப்பட்டு திருகற அளவுக்கு இறுக்கினா போதும். தண்ணியில இறங்கினப்புறம் ஓரத்துல ஒரு சொட்டு வந்தா கால் திருகு கூட்டிக்கலாம்.

பந்து வால்வுல பிரிக்க ஒண்ணும் இல்ல. மேல ஏத்தினப்ப வெளிப்பக்க ஓட்டை வழியா பாசியையும் கொட்டலசையும் மரக்குச்சியால சுரண்டி எடுத்துட்டு, வால்வை மூடிட்டு, நீளப் பிரஷ்ல கிரீஸ் தொட்டு பந்து மேல தடவி, பத்து தடவை திறந்து மூடுங்க. ஹோஸைக் கழட்டி உள்பக்கமும் அதே. மலிவு ரகத்துல பந்து பித்தளை மேல குரோம் பூசினது, பூச்சு உரிஞ்சா அந்த விளிம்பு பந்து உக்கார்ற டெஃப்ளான் வளையத்தைக் கிழிக்கும், அப்புறம் கிரீஸ் போட்டு பிரயோஜனம் இல்ல. பனி உறையற ஊர்ல படகை தரையில நிறுத்தறவங்க இன்னொண்ணு கவனிங்க, மூடின பந்துக்குள்ள கொஞ்சம் தண்ணி மாட்டிக்கிட்டு உறைஞ்சா உடம்பு வெடிக்கும், தரையில இருக்கற வரைக்கும் திறந்தே வைங்க.

வால்வை மாத்தறதா முடிவு பண்ணிட்டா மரையைப் பாக்காம வாங்காதீங்க. படகுத் தோலைத் துளைச்சு வர்ற குழாய்ல பெரும்பாலும் நேர் மரை இருக்கும், கடையில கிடைக்கற நிறைய பந்து வால்வுல ஒரு பக்கமா ஒடுங்கிக்கிட்டே போற மரை. ரெண்டையும் சேத்து முடுக்கினா ரெண்டு மூணு சுத்துல இறுகின மாதிரி நின்னுரும், நிஜத்துல அந்த ரெண்டு மூணு மரை மேலதான் உங்க படகு மிதக்குது. அகலமான பீடத்தோட வர்ற சீகாக்ல (படகுத் தோல் ஓட்டைக்குன்னே செஞ்ச வால்வு) அடிமரை நேரா இருக்கும், பீடத்தை பலகையோட போல்ட் போட்டுப் பிடிக்கலாம், யாராவது தெரியாம மிதிச்சாலும் தாங்கும். படகுக்குத் தரம் வகுக்கற அமெரிக்க ஏபிஒய்சி அமைப்போட கணக்குப்படி சீகாக் உள்பக்க நுனியில 500 பவுண்டு பாரம் 30 வினாடி தாங்கணும், மரை பொருந்தாம முடுக்கினது அதுக்கு நிக்கும்னு நம்ப முடியாது.

வால்வுக்கு அடியில வைக்கற இந்தப் பலகை பழைய படகுல அனேகமா ஒட்டுப்பலகையா இருக்கும், கறுத்து ஊறி நகம் இறங்கும். அதை எடுத்துட்டு கெட்டி ஃபைபர்கிளாஸ் தகடு வைங்க. தோலுக்கு நடுவுல பால்சா மாதிரி லேசான மரம் வெச்ச படகுன்னா ஓட்டையைச் சுத்தி அந்த மரத்தை ஒரு விரல்கடை அளவுக்கு நோண்டி எடுத்துட்டு கெட்டியாக்கின எபாக்ஸி பசையால நிரப்பணும், காக்பிட் தரை ஓட்டைக்கும் இதே வைத்தியம், அங்கதான் மரம் ஊறி தரை மிதிச்சா அமுங்கும். கசிவை அடைக்கற பூச்சுக்கு பாலியூரித்தேன் அல்லது பாலிசல்ஃபைடு எடுங்க, சிலிகான் தண்ணிக்கு அடியில வேணவே வேணாம். பாலிசல்ஃபைடு சில பிளாஸ்டிக்கைத் தின்னும், அதனால பிளாஸ்டிக் ஃபிட்டிங்னா டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. பாலியூரித்தேன்ல நிரந்தர ரகம் ஒண்ணு உண்டு, அதைப் போட்டா பின்னாடி கழட்டறவன் உங்களைத் திட்டுவான், அது பெரும்பாலும் நீங்களாவே இருப்பீங்க.

அடைப்பு விஷயம் சுருக்கமா. இலை, பாய் நூல், தலைமுடி எல்லாம் சேந்து வளைவுல உக்காந்துக்கும். சிங்க்குக்கு வைக்கற ரப்பர் பம்ப்பால ரெண்டு அழுத்து அழுத்துங்க, இல்லன்னா தோட்ட ஹோஸை வெளிப்பக்கத்துலேருந்து விடுங்க. ஆசிட் ஊத்தாதீங்க, வெண்கலமும் போகும் கிளாம்ப்பும் போகும். அப்புறம் ஓட்டையில துணியை அடைச்சு காக்பிட்டை கணுக்கால் உயரம் நிரப்பி, துணியை எடுத்துட்டு எவ்வளவு நேரத்துல காலியாகுதுன்னு கடிகாரத்தைப் பாருங்க. பாய்மரப் பந்தயத்துக்கான உலக அமைப்பு வேர்ல்ட் செய்லிங்கோட ஆழ்கடல் பந்தய விதியில 8.5 மீட்டருக்குக் குறைஞ்ச படகுக்கு 25 மில்லிமீட்டர் ஓட்டை ரெண்டு, அதுக்கு மேல 20 மில்லிமீட்டர் நாலு, அதுவும் சல்லடை அடைக்கற இடத்தைக் கழிச்சு. உங்க படகுல சல்லடைத் தட்டு போட்டிருந்தா அது பாதி ஓட்டையை தின்னுரும். ஒன்றரை மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் ஆழக் குழி ரொம்பினா 360 கிலோ, அஞ்சு பேர் பின்னாடி வந்து உக்காந்த மாதிரி.

ஒவ்வொரு வால்வு பக்கத்துலயும் அந்த ஓட்டைக்குப் பொருந்தற மென்மரத் தக்கை ஒண்ணை, வால்வோ ஹோஸோ போனா அடைக்கறதுக்கு, கயித்துல கட்டித் தொங்கவிடுங்க, டிராயர்ல போட்டா தேவைப்படற நேரத்துல கிடைக்காது.

வேலை முடிஞ்சு படகைத் தண்ணியில இறக்கற அன்னைக்கு, கிரேன் பெல்ட்டைக் கழட்டறதுக்கு முன்னாடியே உள்ள இறங்கிருங்க. கிரேன்காரர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும். ஒவ்வொரு மூட்டையும் காஞ்ச டிஷ்யூ பேப்பரால சுத்தித் துடைங்க, பேப்பர் ஈரமானா படகை மறுபடி தூக்கச் சொல்லுங்க. காஞ்சிருந்தா பெல்ட்டைக் கழட்டச் சொல்லிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை, மறுநாள் காலையில இன்னொரு தடவை.