பச்சைக்கல்லில் சுவர் கட்டுதல்: தொடங்குவோருக்கான செய்முறை

சூளையில் சுடாமல் வெயிலில் உலர்த்தி எடுக்கும் மண்கல்லே பச்சைக்கல். புதிதாகத் தொடங்குபவர் நேராக வீட்டு வேலையில் இறங்காமல், மழை குறைந்த மாசி, பங்குனி மாதங்களில் மூன்றடி உயரத் தோட்டச் சுவர் ஒன்றைக் கட்டிப் பழகுவது நல்லது.

வேலையின் பாதி, மண்ணைத் தேர்வதிலேயே இருக்கிறது. மேல்மண்ணில் வேரும் மட்கும் கலந்திருக்கும் என்பதால், ஓர் அடி ஆழத்துக்கு அதை அகற்றிவிட்டு அடிமண்ணை எடுங்கள். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி, ஒரு நாள் அசைக்காமல் வைத்தால், மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலேயும் படியும். பாதிக்கு மேல் மணலும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் களியும் இருந்தால் அந்த மண் ஏற்றது. களி மிகுந்தால் கல் வெடிக்கும் என்பதால் மணல் சேர்க்க வேண்டும். களி குறைந்தால் கல் உதிரும். கரிசல் மண் ஈரத்தில் உப்பி, காய்ந்ததும் பாளம் பாளமாகப் பிளப்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். நேரமில்லை என்று இந்தச் சோதனையை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

தேர்ந்த மண்ணில் நீர் விட்டு, விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலைத் தூவி, காலால் மிதித்துக் குழைத்து, ஈரச் சாக்கால் மூடி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் மிதித்தபின், 12 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் உள்ள மர அச்சை நீரில் நனைத்து, மணல் தூவிய சமதரையில் வைத்து, மூலைகளில் இடைவெளி விழாதபடி மண்ணை அழுத்தி நிரப்பி, மேலே வழித்துவிட்டு அச்சை நேராகத் தூக்க வேண்டும். தூக்கியதும் கல் சரிந்தால் நீர் கூடிவிட்டது என்று பொருள்.

முதல் மூன்று நாள் கற்களுக்கு ஓலை நிழல் வேண்டும். மேற்புறம் மட்டும் விரைந்து காய்ந்தால் விரிசல் விடும். பிறகு பக்கவாட்டில் நிமிர்த்தி, மூன்று, நான்கு வாரம் உலரவிடுங்கள். ஒரு கல்லை உடைத்துப் பார்த்து, நடுவே நிறம் அடர்ந்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அறிந்து காத்திருங்கள்.

கடைக்காலைக் கருங்கல்லால் தரைக்கு மேல் ஒன்றரை அடி வரை எழுப்புங்கள். அதன்மேல் கற்களைக் குறுக்கே அடுக்கினால் சுவர் ஓர் அடி கனம் பெறும். அதே மண்ணைச் சலித்துக் குழைத்ததே சாந்து. கல்லின் மீது லேசாக நீர் தெளித்து, கீழ்வரிசை இணைப்பின்மேல் மேல்வரிசைக் கல்லின் நடு வருமாறு வைத்து, நூலும் தூக்குக்குண்டும் கொண்டு நேர் பாருங்கள். ஈரச் சாந்து பாரத்தில் நசுங்கும் என்பதால் நாளொன்றுக்கு நான்கு வரிசைக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

சுவரின் தலையில் இருபுறமும் நீட்டியபடி ஓடு பதித்து, மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசுங்கள். சிமெண்ட் பூச்சு உள்ளே புகுந்த ஈரத்தை வெளியேற விடாமல் கல்லைக் கரைத்துவிடும் என்பதால், பூச்சுக்கு மேல் சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள்.