கனடாவின் ஒன்டாரியோவுக்குக் குழந்தையோடு வருகிறீர்களா? ஊர் தடுப்பூசி அட்டையில் எது செல்லும், எது செல்லாது

பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றிதழும் வைக்கிற பையிலேயே தடுப்பூசி அட்டையையும் வையுங்கள். கார்கோவில் போடும் பெட்டியில் வேண்டாம். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அட்டை, அல்லது தனியார் மருத்துவமனைக் கோப்பு. இலங்கையிலிருந்து வருபவர்களுக்குப் பிள்ளை பிறந்தபோது கொடுத்த சுகாதாரப் பதிவுப் புத்தகம். "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்ற வாய்ச்சொல் இங்கே செல்லாது. எழுத்தில் தேதி இல்லாத ஊசி, போடாத ஊசிதான்.

தேதியிலும் ஒரு வம்பு இருக்கிறது. நாம் 03/07/2021 என்று எழுதினால் ஜூலை 3. இங்கே அதை மார்ச் 7 என்றும் படிப்பார்கள். அப்படிப் படித்தால் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்ட ஊசி, அதற்கு முன்பே போட்டதாகக் கணக்காகிவிடலாம். கிளம்பும் முன் ஒரு வெள்ளைத்தாளில் ஊசியின் பெயரையும் தேதியையும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆங்கிலத்தில் எழுதி, உங்கள் மருத்துவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மாகாணத்தில் பள்ளி மாணவர்களுக்கான தடுப்பூசிச் சட்டம் கேட்பவை: தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, கக்குவான், போலியோ, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா, மெனிங்கோகாக்கல் (ஒரு வகை மூளைக்காய்ச்சல்). 2010-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குச் சின்னம்மையும் உண்டு. மருத்துவக் காரணத்துக்கோ மனசாட்சி, மத நம்பிக்கைக்கோ விலக்கு கேட்க முறைப்படி படிவம் இருக்கிறது. படிவமும் இல்லை, பதிவும் இல்லை என்றால் 20 பள்ளி நாட்கள் வரை பிள்ளையைப் பள்ளிக்கு வராமல் நிறுத்தலாம். அப்படி நிறுத்தப்படும் பிள்ளைகளில் பலர் ஊசி போட்டவர்கள்தான். மருத்துவர் ஊசி போட்டால் தகவல் தானாக சுகாதார அலுவலகத்துக்குப் போய்விடும் என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். போகாது. ஐகான் என்ற இணையப் பதிவில் பெற்றோரே ஏற்ற வேண்டும், அல்லது உங்கள் பகுதிப் பொது சுகாதார அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

இனி முக்கியமான கணக்கு. எத்தனை ஊசி என்பதை மட்டும் பார்க்க மாட்டார்கள், எந்த வயதில் போட்டது என்றும் பார்ப்பார்கள். தட்டம்மை ஊசி முதல் பிறந்தநாளிலோ அதற்குப் பிறகோ போட்டதாக இருந்தால்தான் சேரும். இந்திய அரசு அட்டவணையில் எம்ஆர் ஊசி (தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கும்) 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. முதலாவது இங்கே கணக்கில் வராது. எம்ஆரில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்தே கிடையாது என்பதால், அரசு மருத்துவமனையில் மட்டும் போட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி) இரண்டு தடவை போட வேண்டிவரும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 4 வாரம் வேண்டும். இலங்கையில் எம்எம்ஆர் 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுகிறார்கள். அதில் 3 வயது ஊசி மட்டும் சேரும், இன்னொன்று பாக்கி. சின்னம்மை ஊசியும் மெனிங்கோகாக்கல் ஊசியும் இரண்டு நாட்டு அரசு அட்டவணையிலும் இல்லை. தனியாரில் போட்டிருந்தால் அந்த ரசீது, ஸ்டிக்கர் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள்.

போலியோ சொட்டு மருந்திலும் இப்படித்தான். 2016 ஏப்ரலில் உலகம் முழுக்க மூன்று வகை வைரஸ் கொண்ட சொட்டு மருந்தை நிறுத்தி, இரண்டு வகை கொண்டதற்கு மாறினார்கள். அதற்குப் பின் கொடுத்த சொட்டு மருந்தைக் கனடாவில் கணக்கில் எடுப்பதில்லை. முகாமில் ஒவ்வொரு வருடமும் தவறாமல் கொடுத்தோமே என்று வாதாட வேண்டாம். இங்கே போடும் சேர்க்கை ஊசிக்குள் போலியோ மருந்தும் அடக்கம்.

இதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். முறையாகப் போட்ட ஊசி எத்தனை வருட இடைவெளி விழுந்தாலும் வீணாகாது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பென்டாவேலன்ட் (ஐந்து நோய்க்கான ஒரே ஊசி) மூன்றும் அட்டையில் இருந்தால் ஹெபடைடிஸ் பி-யும் அதில் அடக்கம். 7-ஆம் வகுப்பில் பள்ளியில் அந்த ஊசி போட வரும்போது சொல்லிவிடுங்கள். அதே வகுப்பில் எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோய் போன்றவற்றை உண்டாக்கும் வைரஸ்) ஊசி பெண்பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பையன்களுக்கும் உண்டு. பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதில்லை, அதனால் கைத்தழும்பைப் பார்த்துக் கேள்வி வரலாம். பிசிஜி போட்டவர்களுக்குக் காசநோய்த் தோல் பரிசோதனை நோய் இல்லாமலே வீங்கிக் காட்டுவதுண்டு. அந்தப் பரிசோதனை தேவைப்பட்டால் எம்எம்ஆர் போடும் அன்றே செய்ய வேண்டும், இல்லையேல் 4 வாரம் கழித்து. இடைப்பட்ட நாளில் செய்தால் முடிவு தவறாக வரலாம்.

ஒரே நாளில் மூன்று நான்கு ஊசி என்றால் வீட்டுப் பெரியவர்கள் பதறுவார்கள். ஒரே தொடையில் இரண்டு போட்டால் இரண்டு விரல்கடை தள்ளிப் போடுவார்கள், அதில் ஆபத்து இல்லை. ஒரு வயதுக்குட்பட்டோருக்குத் தொடையில், அதைவிடப் பெரிய பிள்ளைகளாக இருந்தால் மேல்கையில். அளவு பெரும்பாலும் 0.5 மில்லிதான், 5 கிலோ கைக்குழந்தைக்கும் 20 கிலோ பிள்ளைக்கும் அதே அளவு. "குழந்தை மெலிவாக இருக்கிறது, பாதி போடுங்கள்" என்று கேட்காதீர்கள், பாதி ஊசி கணக்கில் சேராது. குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே வயது. சளி, லேசான காய்ச்சலுக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. முட்டை ஒவ்வாமை எம்எம்ஆருக்குத் தடையில்லை. புற்றுநோய் சிகிச்சையோ அதிக அளவு ஸ்டீராய்டோ எடுக்கும் பிள்ளை என்றால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

போட்டபின் 15 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு என்று எது தெரிந்தாலும் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். அரிதானது, ஆனால் வந்தால் நிமிடக் கணக்கில் வரும். வழக்கமான காய்ச்சல் அன்றோ மறுநாளோ வரும். எம்எம்ஆரில் மட்டும் 7 முதல் 12 நாள் கழித்துக் காய்ச்சலும் செம்புள்ளியும் வரலாம். அதற்குள் ஊசி போட்டதையே மறந்திருப்பார்கள்.

காய்ச்சல் மருந்தில்தான் கை தவறுகிறது. ஊரில் பாராசிட்டமால், இங்கே அசிட்டமினோஃபென். மருந்து ஒன்றுதான், செறிவு வேறு. ஊர் சிரப் பலவற்றில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். இங்கே பிள்ளைகளுக்கான சிரப் 5 மில்லிக்கு 160. கைக்குழந்தைச் சொட்டு மருந்தோ ஒரே மில்லியில் 80. எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது அளவு. 6 கிலோ குழந்தைக்கு 60 முதல் 90, அதாவது அந்தச் சொட்டு மருந்தில் 1 மில்லி. ஊரில் 3 மில்லி கொடுத்துப் பழகிய கை இதிலும் 3 மில்லி கொடுத்தால் 240 மில்லிகிராம் போய்விடும். பெட்டியில் வரும் சிரிஞ்சால் அளந்து கொடுங்கள், சமையலறைக் கரண்டி வேண்டாம். 4 மணி நேரத்துக்குள் திரும்பக் கொடுக்கக் கூடாது. ஒரு நாளில் 5 தடவைக்கு மேல் போகக் கூடாது. ஆஸ்பிரின் கூடவே கூடாது. 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சந்தேகத்துக்கு 811-ஐ அழைத்தால் இரவிலும் நர்ஸ் பேசுவார்.

கனடா 1998-இல் எட்டிய தட்டம்மை ஒழிப்பு நிலையை 2025 நவம்பரில் இழந்துவிட்டது. நம் ஊரிலும் அந்த நோய் ஓயவில்லை. அதனால் 6 மாதம் முடிந்து ஒரு வயதாகாத குழந்தையை ஊருக்குக் கூட்டிப்போவதாக இருந்தால், பயணத்துக்கு முன் கூடுதலாக ஒரு எம்எம்ஆர் கேளுங்கள், பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே முடித்துவிட்டால் நல்லது. ஒரு வயதுக்குப் பின் வழக்கமான இரண்டும் மறுபடி வேண்டும். ஊரில் இருக்கும்போது ஏதாவது ஊசி போட்டால், தேதியோடு சீட்டு வாங்கி வந்து ஐகானில் ஏற்றிவிடுங்கள்.