காரைக்குடி நாக்கோடு பினாங்கில் சாப்பிடுவது எப்படி

செட்டிநாட்டு வீடுகளுக்குப் பினாங்கு புதிய பெயரன்று. கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வாணிகம் செய்யப் போனவர்களின் ஊராகவே அது நமக்கு அறிமுகம். தைப்பூசத்தில் அங்கே வலம்வரும் நகரத்தார் வெள்ளி ரதம்கூட 1894-இல் காரைக்குடியில் செய்யப்பட்டுக் கப்பலேறியதுதான். ஆனால் இன்று நான்கைந்து நாள் விடுமுறைக்கு அத்தீவுக்குச் செல்லும் நம்மவர் பலர், தண்ணீர்மலைக் கோயிலையும் கடற்கரையையும் பார்த்துவிட்டு, மூன்று வேளையும் லிட்டில் இந்தியாவிலேயே தோசையும் வாழையிலைச் சாப்பாடும் உண்டு திரும்பிவிடுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்பது தெரியாததே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். நாக்குக்குப் பழகிய சுவையில் தொடங்கி, நாளுக்கு ஓர் அடியாக விலகிச் செல்வதே நான் கண்ட நல்ல வழி.

முதல் நாள் காலையில் புட்டு மாயம் கேளுங்கள். பெயர்தான் புதிது, வருவது நம் இடியாப்பம். தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் வைத்துத் தருவார்கள். ரொட்டி சானாய் என்பது பரோட்டாவின் நெருங்கிய உறவு. பருப்புக் கறியில் தொட்டு உண்ணலாம். காப்பியில் மட்டும் கவனம் தேவை. வெறுமனே ‘கோப்பி’ என்றால் கெட்டியான டின் பால் ஊற்றித் திகட்டத் திகட்ட வரும். ‘கோப்பி ஓ’ என்றால் பாலில்லாமல் சர்க்கரையோடு வரும். ‘கோப்பி ஓ கோசோங்’ என்றால் இரண்டும் இல்லாத கடுங்காப்பி. இனிப்பைக் குறைக்க ‘கூராங் மானிஸ்’ என்று சொன்னால் போதும்.

நண்பகலுக்கு நாசி கண்டார். நாசி என்றால் சோறு. கண்டார் என்பது இரு முனைகளிலும் பானைகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்த காவடித்தண்டு. இராமநாதபுரம், கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளருக்கு அவ்வாறு சுமந்து விற்ற சோறும் கறியுமே இன்று தீவின் அடையாள உணவாகியிருக்கின்றன. பெரும்பாலான கடைகளில் தமிழிலேயே பேசலாம். ‘பாய்’ என்றோ ‘அண்ணே’ என்றோ கூப்பிட்டால் முகம் மலரும். வரிசையில் நின்று, தட்டில் சோறு விழுந்தவுடன் வேண்டியதைக் கைகாட்ட வேண்டும். அதன் பிறகு பரிமாறுபவர் நான்கைந்து குழம்புகளை ஒவ்வொரு கரண்டியாக ஒன்றன்மேல் ஒன்று ஊற்றிக் கலப்பார்; சோறு மூழ்க வேண்டுமென்றால் ‘பஞ்சீர்’, அதாவது வெள்ளம், என்று சொல்வது வழக்கம். கோழிக்கு ஒரு மசாலா, மீனுக்கு ஒரு மசாலா என்று பிரித்தே சமைக்கும் வீட்டில் வளர்ந்த நமக்கு இந்தக் கலப்பு முதலில் ஒழுங்கற்றதாகத் தோன்றும். எனவே முதல் முறை இரண்டு குழம்புகளை மட்டும் தனித்தனியே ஊற்றச் சொல்லி உண்டு பாருங்கள். மறுநாள் பஞ்சீர் கேளுங்கள். இரண்டாவது தட்டில்தான் எனக்கு அந்தக் கலவையின் நியாயம் விளங்கிற்று. விலையைத் தட்டைப் பார்த்துத்தான் கணக்கிடுவார்கள் என்பதால், பெரிய இறால், மீன்முட்டை, கணவாய் ஆகியவற்றைக் கைகாட்டுவதற்கு முன் விலையைக் கேட்டுவிடுவது நல்லது. இக்கடைகளில் பன்றி இறைச்சி இராது, மாட்டிறைச்சி இருக்கும். விலக்குபவர்கள் ‘லெம்பு’ (மாடு), ‘டாகிங்’ (இறைச்சி, பெரும்பாலும் மாட்டிறைச்சி) என்ற இரு சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள் மாலை கோப்பித்தியாம் எனப்படும் சீனக் காப்பிக் கடைக்குப் போகலாம். ஒரே கூரையின் கீழ்ப் பல தனித்தனித் தள்ளுவண்டிக்காரர்கள் சமைப்பார்கள். முதலில் மேசையைப் பிடித்து அதன் எண்ணைப் பார்த்துக்கொண்டு, பிடித்த வண்டியில் உணவைச் சொல்லி எண்ணைக் கூறிவிட்டு வர வேண்டும். கொண்டுவரும்போது அவரவருக்குத் தனித்தனியே பணம் கொடுக்க வேண்டும். பானம் கடைக்காரருடையது, அதில் ஒன்றாவது வாங்குவது அங்குள்ள மரியாதை. நான்கு பேர் போனால் நான்கு தட்டு ஒரே பண்டத்தை வாங்காதீர்கள். வண்டிக்கு ஒரு சிறிய தட்டு வாங்கிப் பகிர்ந்துகொண்டால், ஒரே மாலையில் ஐந்தாறு சுவைகளைப் பார்த்துவிடலாம்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது சார் குவே தியாவ். தட்டையான அரிசி நூடுல்ஸை இறால், முட்டை, முளைப்பயறு, சிப்பிச்சதையோடு அடிகனன்ற இரும்புச் சட்டியில் புரட்டியெடுப்பது அது. அந்தப் புகைவாசம்தான் அதன் உயிர். சீன வண்டிகளில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பதால், வேண்டாதவர்கள் முஸ்லிம்கள் நடத்தும் வண்டியைத் தேடிச் செல்ல வேண்டும். சிப்பிச்சதை அரைவேக்காட்டில் இருக்கக்கூடும். நான் அதை வேண்டாமென்று சொல்லிவிடுவேன்.

சைவர்களுக்கு உள்ள சிக்கலை விரிவாகவே சொல்ல வேண்டும். ‘சாயூர்’ என்றால் காய்கறி என்றுதான் பொருள். சைவம் என்று பொருளில்லை. சஷ்டி விரதமிருந்த எங்கள் ஆத்தாவுக்காக ஒரு கடையில் வள்ளைக்கீரைப் பொரியல் வாங்கினோம். தட்டு மேசைக்கு வருமுன்பே கருவாட்டு வாசம் வந்துவிட்டது. அது பெலாச்சான், சிறு இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து அரைத்த விழுது. கீரை முதல் சம்பால் என்னும் மிளகாய்த் துவையல் வரை எதிலும் அது இருக்கலாம். ஆகவே ‘தாக் மாவு பெலாச்சான்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதைவிடப் பாதுகாப்பானவை சீனரின் பௌத்த சைவ உணவகங்கள். அவற்றுள் பலவற்றில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. சீனர்களின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாள்களில் ஒன்பது பேரரசத் தெய்வங்களின் திருவிழா நடக்கும்; பல ஆண்டுகளில் அது நம் நவராத்திரியை ஒட்டியே வரும். அப்போது மஞ்சள் கொடி கட்டிய வண்டிகளில் எல்லாமே சைவம். விரதக்காரர்கள் போவதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது.

மூன்றாம் நாள் ஆசாம் லக்சா. மீன் குழம்புதான், ஆனால் எண்ணெயும் தாளிப்பும் இல்லாத குழம்பு. கானாங்கெளுத்தியை வேகவைத்து உதிர்த்த சாற்றில், குடம்புளியின் உறவான காய்ந்த புளித்துண்டுகள், மிளகாய், இஞ்சியினத்தைச் சேர்ந்த புங்கா கந்தான் என்னும் பூமொட்டு ஆகியவை கொதித்திருக்கும்; அரிசி நூடுல்ஸின்மேல் அதை ஊற்றி, அன்னாசி, வெள்ளரி, புதினா தூவி, ஒரு கரண்டி ‘ஹே கோ’ என்னும் கருமையான இறால் பாகையும் தருவார்கள். நம்மவர்கள் பெரும்பாலும் இங்கேதான் முகம் சுளிப்பார்கள். பாகைக் கரைக்காமல் ஓரத்தில் ஒதுக்கி, முதலில் சாற்றை மட்டும் பருகுங்கள். புளிப்பு பிடிபட்ட பின் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்ளலாம். அரிசி கழுவிய நீரில் புளி சேர்த்து வைக்கும் நம் மண்டிக்குப் பழகிய நாக்கு அந்தப் புளிப்பைக் கைவிடாது.

இனிப்பில் நமக்கு அச்சமே வேண்டாம். ‘பூபோர் பூலூட் ஈத்தாம்’ என்பது கறுப்புப் பசையரிசியைக் குழைய வேகவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றிய கஞ்சி. கவுனி அரிசி தின்று வளர்ந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. செண்டோலில் பச்சைநிற அரிசிமாவு இழைகள், தேங்காய்ப்பால், கருப்பட்டியைப் போன்ற குலா மலாக்கா, பனிச்சீவல் எல்லாம் சேர்ந்திருக்கும். சீன, மலாய் மரபுகள் கலந்த ஞோஞா பலகாரங்களில் சங்குப்பூவால் நீலமேற்றிய பசையரிசித் துண்டு ஒன்று உண்டு. அதனோடு தரும் ‘காயா’வில் தேங்காய்ப்பாலோடு முட்டையும் சேர்ந்திருப்பதைச் சைவர்கள் கவனிக்க வேண்டும்.

மே முதல் ஆகஸ்டுக்குள் சென்றால் டுரியான் பழத்தைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தீவின் மேற்குப் பகுதியான பாலிக் பூலாவ் அதற்குப் பெயர் பெற்றது. மென்மையான இனிப்பில் தொடங்கிக் கசப்பேறிய வகையில் முடிக்கும்படி வரிசைப்படுத்தித் தரச் சொல்லுங்கள். கசப்பை முதலில் தின்றால் மற்றவை சப்பென்றாகிவிடும். பல விடுதிகள் இப்பழத்தை உள்ளே விடுவதில்லை என்பதால், கடை வாசலிலேயே உண்டு, அப்பழத்தின் ஓட்டுக்குழியில் தண்ணீர் ஊற்றிக் கைகழுவிவிட்டுக் கிளம்ப வேண்டும். வாசம் அப்படித்தான் போகும் என்பது அவ்வூரார் நம்பிக்கை. என் கையிலிருந்து அது முழுதாகப் போகவில்லை.